தாத்தா காலத்துச் சவரக் கத்தியும் பஃபிங் மெஷினும்

உங்கள் வீட்டுப் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ பழைய மடக்குச் சவரக் கத்தி ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறதா? அதை எடுத்துச் சரிசெய்ய வேண்டும் என்று ஆசை வந்தால் நல்லது. ஆனால் பாலிஷ் போடும் பட்டறைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். தெருவில் வரும் சாணை வண்டிக்காரரிடமும் நீட்ட வேண்டாம். உட்கார்ந்து கையால் தேயுங்கள். நாலு நாள் ஆகும், சில கத்திக்கு நாலு வாரம் ஆகும். ஆகட்டுமே, பென்ஷன் வாங்குகிறவனுக்கு ரயிலா போய்விடப் போகிறது?

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்கலாம். முப்பத்திரண்டு வருஷம் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் வேலை பார்த்தவன் நான். டிரில், உளி, டை என்று எஃகை வெட்டும் எஃகோடுதான் காலம் போனது. சவரக் கத்திகள் பக்கம் வந்தது ரிட்டயர் ஆன பிறகு. பழைய சாமான் கடையில் ஒன்று வாங்கினேன், பிறகு தெரிந்தவர்கள் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். இதுவரை பதினைந்து கத்தியாவது என் கை வழியாகப் போயிருக்கும்.

இப்போது சலூனில் பாதி பிளேடை உடைத்துச் செருகிக்கொள்கிறார்களே, அந்தக் கத்தியைச் சொல்லவில்லை. முழுக்க ஒரே எஃகுத் தகடாக, கொம்புப் பிடிக்குள் மடங்கிக்கொள்ளும் அசல் கத்தியைச் சொல்கிறேன். நம் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாவிதர் அடப்பத்தைத் திறந்தால் முதலில் பித்தளைக் கிண்ணி வரும், பிறகு சீப்பு, கத்தரிக்கோல், சாமணம், கடைசியில் துணியில் சுற்றிய கத்தி. உள்ளங்கையிலேயே இரண்டு தடவை தீட்டிக்கொள்வார். அந்தச் சத்தத்திலேயே நமக்குப் பின்கழுத்து கூசும். சவரம் முடிந்ததும் படிகாரக் கல்லைத் தண்ணீரில் நனைத்துத் தடவுவார், சுரீர் என்கும்.

அந்தக் கத்திகள் எப்படிப் பரண் ஏறின என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் அடியை அமெரிக்காவில் ஜில்லெட் கொடுத்தார். 1903-ல் அவருடைய சேஃப்டி ரேசர் விற்பனைக்கு வந்தபோது அந்த வருஷம் முழுவதும் விற்றது 51 ரேசர்தான். முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவம் சிப்பாய்களுக்கு அதைக் கொடுத்தது, சவரம் வீட்டுக் காரியமாகிவிட்டது. நம் ஊரில் 7 ஓ'கிளாக், பனாமா, டோபாஸ் என்று பிளேடு பெயர்கள் வீட்டுக்குள் வந்தன. சலூன்களில் மட்டும் அசல் கத்தி இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த சில வருஷங்களில் ஆளுக்கொரு புது பிளேடு என்ற வழக்கம் வந்தது. வர வேண்டியதுதான், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அன்றைக்குத் துணியில் சுற்றி வைத்த கத்திகள் இப்போதுதான் பேரன்கள் கையில் அகப்படுகின்றன. பேரன்கள் செய்யும் முதல் காரியம், "பாலிஷ் போட்டா சூப்பரா இருக்கும்" என்று பட்டறைக்கு ஓடுவது.

ஏன் கூடாது என்று சொல்ல, கத்தியின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சவரக் கத்தியின் முதுகு தடிமனானது. அங்கிருந்து வாய்ப் பக்கம் போகப்போக இரண்டு பக்கமும் குடைந்து எடுத்திருப்பார்கள். நன்றாகக் குடைந்த கத்தியாக இருந்தால், வாயை நகத்தின் மேல் லேசாக அழுத்தினாலே அந்த எஃகு வளைந்து கொடுப்பது கண்ணுக்குத் தெரியும். அகலத்தை அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்று சொல்வார்கள். எட்டில் ஐந்து, எட்டில் ஆறு, இவைதான் அதிகம் கிடைப்பவை. தீட்டும்போது கத்தியைக் கல்லில் படுக்கவைத்தால் முதுகும் வாயும் சேர்ந்தே கல்லைத் தொடும். எத்தனை டிகிரியில் பிடிப்பது என்ற கவலையே வேண்டாம், முதுகின் தடிமன் அந்தக் கோணத்தை நிர்ணயித்துவிடுகிறது. இவ்வளவு புத்திசாலித்தனமான ஆயுதம் டூல் ரூமில்கூட நான் அதிகம் பார்த்ததில்லை.

அதனால் முதுகில் தேய்மானம் இருந்தால் அது பழுது அல்ல. எத்தனை வருஷம் எத்தனை தடவை கல்லில் ஏறி இறங்கியது என்பதன் கணக்கு அது. பஃபிங் சக்கரத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. மேடான எதையும் மழுக்கும், கூர்மையான மூலையை உருட்டிவிடும், ஆழமில்லாத எழுத்தை அழித்துவிடும்.

அதைவிடப் பெரிய கேடு சூடு. எஃகுக்குப் பதம் போடுவது என்றால் என்ன என்பது கொல்லுப் பட்டறையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பழுக்கக் காய்ச்சி முக்கினால் எஃகு கண்ணாடி மாதிரி கெட்டிப்படும், தட்டினால் உடையும். அதை மறுபடி மிதமாகச் சூடாக்கித்தான் பதத்துக்குக் கொண்டுவருவார்கள். சவரக் கத்திக்கு அந்தச் சூடு 200 டிகிரி செல்சியஸை ஒட்டியது. அதற்கு மேல் போகப்போக எஃகின் மேல் நிறம் ஏறும். 220 அளவில் வைக்கோல் நிறம், 255-ல் பழுப்பு, 280-ல் ஊதா, 300 வந்தால் நீலம். நீலம் பார்த்த வாய் மெத்தென்று ஆகிவிட்டது என்று அர்த்தம். உளி தடிமனானது, சூட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். சவரக் கத்தியின் வாய்க்கு அந்தச் சதை இல்லை. சக்கரத்தில் சில விநாடி அழுத்தினாலே போதும்.

என் நண்பர் ஒருவர் தன் மாமனாருடைய கத்தியை ஒரு பட்டறையில் கொடுத்து வாங்கிவந்து காட்டினார். முகம் பார்க்கலாம், அத்தனை பளபளப்பு. வாய் ஓரமாக நுனியில் ஒரு விரற்கடை நீளத்துக்கு மயில் கழுத்து நிறம். "இது என்ன டிசைன்?" என்று அவரே கேட்டார். அந்த இடத்தை எந்தக் கல்லில் தீட்டினாலும் கூர் நிற்காது. இழந்த பதத்தை மீட்க வேண்டுமானால் கத்தியை முழுதாகக் காய்ச்சி முதலிலிருந்து பதம் போட வேண்டும். அவ்வளவு மெல்லிய தகடு அதில் கோணிக்கொள்ளும். பிடிக்குப் பக்கத்தில் இருந்த பெயர் முத்திரையும் போய்விட்டது. எந்த ஊர்க் கத்தி, யார் செய்தது என்று இனி யாருக்கும் தெரியாது. பட்டறைக்காரரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் குழாயும் குத்துவிளக்கும் பாலிஷ் போடுகிறவர், பளபளப்பு கேட்டார்கள், கொடுத்தார்.

இன்னொன்று, சக்கரம் கத்தியைப் பிடுங்கி வீசக்கூடியது. வாய்ப் பக்கம் துணிச் சக்கரத்தில் மாட்டிக்கொண்டால் அது எங்கே போய்க் குத்தும் என்று சொல்ல முடியாது. டூல் ரூமில் இருந்தவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

"ஷெஃபீல்டிலேயே சக்கரத்தில்தானே செய்தார்கள்?" என்று ஒருவர் என்னை மடக்கினார். வாஸ்தவம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜெர்மனியின் ஸோலிங்கனும்தான் கத்திகளின் இரண்டு தலைநகரங்கள். இரண்டு ஊரிலும் சக்கரத்தில்தான் குடைந்தார்கள், சக்கரத்தில்தான் மெருகேற்றினார்கள். ஆனால் பிழைப்பே அதுவாக, பையனாக இருந்தபோதே கற்றுக்கொண்டு செய்த கைகள் அவை. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் சின்னதல்ல. உலர்ந்த கல்லில் அரைத்தவர்கள் தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டு இள வயதிலேயே செத்தார்கள். கிரைண்டர்ஸ் ஆஸ்துமா என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். நாமும் இதனால்தான் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும், தூசி பறக்காது.

ஷெஃபீல்டு என்றதும் ஒரு கிளைக்கதை. 1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்பவர் மூசையில் எஃகை உருக்கி வார்க்கும் முறையை அங்கே கொண்டுவந்த பிறகுதான் அந்த ஊர்க் கத்திக்கு அவ்வளவு பேர். ஆனால் மூசையில் எஃகு செய்வது தென்னிந்தியாவுக்கு அதைவிட வெகு பழைய சங்கதி. ஈரோட்டுப் பக்கம் கொடுமணல் அகழாய்வில் இரும்பும் எஃகும் செய்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன. வெள்ளைக்காரர்கள் இந்த எஃகை ஊட்ஸ் என்றார்கள். நம் உருக்கு அல்லது கன்னடத்து உக்கு திரிந்த சொல் என்பார்கள். 1790-களில் பம்பாயில் இருந்த டாக்டர் ஹெலினஸ் ஸ்காட் இதை லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பிவைத்தார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்தித் தொழிலாளி அதில் அறுவைக் கருவிகள் செய்து, ஐரோப்பிய எஃகைவிட இது மேல் என்று தன் விளம்பர அட்டையிலேயே அச்சிட்டார். அவரோடு சேர்ந்து இந்த எஃகை ஆராய்ந்தவர் யார் தெரியுமா? மின்சாரத்துக்குப் பேர்போன மைக்கேல் ஃபாரடே. இரண்டு பேரும் எஃகில் வெள்ளி, பிளாட்டினம் என்று கலந்து பார்த்தார்கள். தான் கலந்த எஃகில் சவரக் கத்தி செய்து ஃபாரடே நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார். பழைய ஷெஃபீல்டு கத்திகளில் 'சில்வர் ஸ்டீல்' என்று பொறித்திருப்பதைப் பார்த்தால் எனக்கு இந்த ஞாபகம்தான் வரும்.

சரி, நம் ஊருக்கு வருவோம். நான் முடிவெட்டிக்கொள்ளும் கடையை நடத்துகிற தம்பிக்கு முப்பது வயசு இருக்கும். ஏ.சி. போட்ட கடை, சுழல் நாற்காலி, சுவர் முழுக்கக் கண்ணாடி. போன வருஷம் ஒருநாள் துணிப்பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அவருடைய தாத்தாவின் கத்தி. கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்ட வேண்டும், பாலிஷ் போட எங்கே கொடுக்கலாம் என்று கேட்டார்.

கத்தி கன்னங்கரேல் என்று இருந்தது. பிடி எருமைக் கொம்பு, ஒரு பக்கம் பூச்சி அரித்திருந்தது. பிடிக்குள் மடங்கும் கழுத்துப் பகுதியில் எண்ணெய் விட்டு ஒருநாள் ஊறவைத்து, துணியால் துடைத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு நட்சத்திரமும் சிலுவையும் தெரிந்தன. ஜோசப் ரோஜர்ஸ் கம்பெனியின் முத்திரை அது, ஷெஃபீல்டில் 1682-லேயே பதிவானது. பக்கத்தில் 'கட்லர்ஸ் டு ஹிஸ் மெஜஸ்டி' என்றும், கீழே 'ஷெஃபீல்டு, இங்கிலாந்து' என்றும் இருந்தது. இதை வைத்தே வயசைக் கணக்குப் போடலாம். இறக்குமதிச் சாமானில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-ல் சட்டம் போட்ட பிறகுதான் இங்கிலாந்து என்ற சொல் பெரும்பாலும் கத்திகளில் ஏறியது. விக்டோரியா ராணி 1901 ஜனவரியில் காலமாகும்வரை 'ஹர் மெஜஸ்டி'. ஆகவே இந்தக் கத்தி 1901-க்குப் பிறகு, 1952-ல் எலிசபெத் ராணி வருவதற்கு முன் செய்யப்பட்டது. எந்தத் துரை வீட்டு ஏலத்திலோ சந்தையிலோ வாங்கப்பட்டு, எத்தனை கை மாறி அந்தத் தாத்தாவிடம் வந்ததோ.

முதுகில் இரண்டு பக்கமும் பட்டையாகத் தேய்ந்திருந்தது. வாய் நேராக இல்லை, நடுவில் புடைத்து இரு முனையிலும் ஏறி, சிரிக்கிற மாதிரி லேசாக வளைந்திருந்தது. கல்லின் நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் கத்தி அப்படித்தான் தேயும். "தாத்தாவோட கல்லு இருக்கா தம்பி?" என்று கேட்டேன். இருக்கிறது, அம்மா அதில் அரிவாள்மணை தீட்டுகிறார் என்றார். மறுநாள் கொண்டுவந்தார். நடுவில் நல்ல பள்ளம். கத்தியை அதன் குறுக்கே வைத்தோம், அந்த வளைவு இந்தப் பள்ளத்தில் பொருந்தி உட்கார்ந்தது. அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

நான் என் பாட்டைப் பாடினேன். கருமையை அப்படியே விடுங்கள், துருவை மட்டும் எடுப்போம், தேய்மானத்தைத் தொட வேண்டாம், உழைத்த கத்தி உழைத்த மாதிரியே இருக்கட்டும் என்றேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சார், நீங்க சொல்றது சரிதான். ஆனா இது பளபளன்னு இருக்கணும் சார். எங்க தாத்தாவ இந்த ஊரு ஒருநாளும் பளபளப்பா பாத்ததில்ல."

எனக்குப் பதில் வரவில்லை. அந்தத் தாத்தா எப்படி நடத்தப்பட்டார் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். திண்ணைக்குக் கீழே உட்கார்ந்து சவரம் செய்தவர். எட்டு வயசுப் பையன்கூட ஒருமையில் கூப்பிடுவான். வருஷம் முழுக்க வேலை பார்த்ததற்கு அறுவடையின்போது களத்தில் அளந்து போடும் நெல்தான் கூலி. சவரம் மட்டுமா, கட்டி கீறுவது, காயத்துக்கு மருந்து வைப்பது எல்லாம் அவர்தான். அவர் வீட்டு அம்மாதான் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேரைக் கையில் ஏந்தியவர். மருத்துவர், மருத்துவச்சி என்ற பெயர் அந்தக் குடும்பங்களுக்குச் சும்மா வரவில்லை. ஆனாலும் கல்யாண வீட்டில் அவர்களுக்குக் கடைசிப் பந்தி. உழைத்த மாதிரியே இருக்கட்டும் என்று நான் சொன்னது கேட்க அழகாக இருக்கலாம். அந்த உழைப்பு அழகாக இருந்ததா என்று சொல்ல வேண்டியவர் அவர் பேரன்.

பழைய பொருள் விஷயத்தில் எங்களைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்கள் வைத்திருக்கும் சட்டமெல்லாம், அந்தப் பொருளோடு வேதனை எதுவும் ஒட்டியிராதவர்கள் போட்ட சட்டம். நான் கருமையை அழகு என்கிறேன். அது என் தாத்தாவின் கத்தி அல்ல.

ஆனால் என் கட்சியின் முக்கியப் பகுதியை நான் விடவில்லை. பளபளப்பு வேண்டுமானால் வரட்டும், கையால் வரட்டும் என்றேன். கைத்தேய்ப்பில் கண்ணாடிப் பளபளப்பு வராது என்று நினைப்பவர்கள் உண்டு. வரும், தாமதமாக வரும், அவ்வளவுதான். அந்தத் தாமதத்தில்தான் வசதியே இருக்கிறது. ஒவ்வொரு தாள் மாற்றும்போதும் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பார்த்து, இன்னும் போகலாமா, இங்கே நிறுத்தலாமா என்று முடிவு செய்யலாம். இந்த இடத்தைத் தேய்க்கலாம், அந்த இடத்தைத் தொட வேண்டாம் என்று பிரித்துக்கொள்ளலாம். சக்கரத்தில் ஒருமுறை போனது போனதுதான். தவிரவும், தேய்க்க வேண்டியது நான் அல்ல, நீங்கள் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை கடை லீவு. மூன்று செவ்வாய் என் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து தேய்த்தார்.

எப்படிச் செய்தோம் என்பதைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும்.

முதல் வேலை கத்தியின் வாயை மழுங்க வைப்பது. கேட்க விபரீதமாக இருக்கும். ஆனால் கூரான கத்தியை ஈரத் தாளால் தேய்த்தால் ரத்தம் நிச்சயம். கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து அதன் அடிவிளிம்பில் வாயை இரண்டு மூன்று தடவை அழுத்தாமல் இழுத்தால் போதும். பிறகு தட்டையான மரக்கட்டையின் ஓரத்தில் கத்தியைப் படுக்கவைத்து, வாய்க்குக் கீழே கட்டை முட்டுக் கொடுக்கும்படி வையுங்கள். அந்தரத்தில் வைத்துத் தேய்த்தால் மெல்லிய வாய் விண்டுபோகும்.

பிறகு வாட்டர் பேப்பர். பெயிண்ட் கடையில் கேட்டால் கொடுப்பார்கள், தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள். துரு ஆழமாக இருந்தால் 400-ல் தொடங்கலாம். இல்லையென்றால் 600 போதும். அப்புறம் 800, 1000, 1500, 2000. தாளைச் சின்னத் துண்டாக வெட்டி, பாட்டில் கார்க்கிலோ பழைய அழிரப்பரிலோ சுற்றிக்கொண்டால் குடைவுக்குள் சரியாக உட்காரும். வெறும் விரலால் தேய்த்தால் விரல் போகும் வழியெல்லாம் பள்ளம் விழும். முதுகிலிருந்து வாயை நோக்கி ஒரே திசையில் தேயுங்கள், வாயிலிருந்து முதுகுக்கு ஒருபோதும் வேண்டாம். அடுத்த தாளுக்கு மாறும்போது முந்தைய தாளின் கீறல் ஒன்றுகூட மிச்சம் இல்லை என்று பார்த்துவிட்டு மாறுங்கள். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுவார்கள். 400-ன் கீறல் 2000-ல் போகாது, இன்னும் பளிச்சென்று தெரியும்.

தம்பிக்கு முதல் செவ்வாய் முழுக்க 400-லேயே போய்விட்டது. மத்தியானம் கை வலிக்கிறது என்றார். சாப்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தார். சொல்லப்போனால் பயிற்சி பெற்ற கை அவருடையது, மணிக்கட்டு அலுங்காமல் தேய்க்கிறார். என்னைவிட ஒழுங்கு.

கடைசியில் பிராசோ, பழைய பனியன் துணி. பிராசோ இல்லாவிட்டால் சலித்த விபூதியைத் துளி எண்ணெயில் குழைத்தாலும் ஓரளவு மெருகு வரும், வெள்ளி விளக்குக்குப் போடுகிற மாதிரி. ஆனால் புளியோ எலுமிச்சையோ வேண்டவே வேண்டாம், இது பித்தளைக் குடம் அல்ல. புளிப்பு எஃகைத் தின்று சாம்பல் பூத்தாற்போல் ஆக்கிவிடும். ஊறவைக்கத் தையல் மெஷின் எண்ணெயே போதும்.

சிவப்புத் துரு வேறு, கருமை வேறு என்பதையும் பார்க்கத் தெரிய வேண்டும். சிவப்பு இன்னும் தின்றுகொண்டிருக்கிறது, அதை எடுத்தே ஆக வேண்டும். கருமை இறுகிப் படிந்த அடுக்கு, ஓரளவுக்குக் காவல்கூட. அழுக்கு என்று நினைத்து அதைச் சுரண்ட வேண்டியதில்லை. துரு விழுந்த இடத்தில் ஊசி குத்தினாற்போல் குழிகள் இருக்கும். நடுவில் இருந்தால் பாதகமில்லை. எல்லாக் குழியும் மறையும் வரை தேய்ப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால் கத்தியே மிஞ்சாது. வாயின் ஓரத்திலேயே குழி இருந்தால் மட்டும் அந்தக் கத்தியை முகத்துக்கு எடுக்காதீர்கள். தீட்டும்போது அந்த இடம் ரம்பம் மாதிரி பல் விடும். அப்படிப்பட்டது பார்வைக்கு மட்டும்.

தம்பியின் கத்தியில் வாய் சுத்தமாக இருந்தது. மூன்றாவது செவ்வாய் சாயந்திரம் 2000 முடித்து பிராசோவும் போட்டுவிட்டார். 800-லேயே நிறுத்தியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம், அந்த மங்கலான வெள்ளி நிறம் எனக்குப் பிடிக்கும். அவருக்குப் பிடிக்கவில்லை, அவர் முகம் அதில் தெரிய வேண்டும் என்றார், தெரிந்தது. ஆனால் முத்திரை இருக்கும் கழுத்தையும் முதுகின் தேய்ந்த பட்டையையும் அவர் தொடவில்லை. நான் கேட்டுக்கொண்டதால் அல்ல. அந்தப் பட்டையைத் தேய்க்கலாமா என்று தாளை எடுத்தவர், கொஞ்சம் யோசித்து, "இது இருக்கட்டும் சார்" என்று வைத்துவிட்டார். இப்போது அந்தக் கத்தி அவர் கடையில் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது, பக்கத்தில் அந்தப் பள்ளம் விழுந்த கல். அவர் அம்மாவுக்கு வேறு கல் வாங்கிக் கொடுத்தாயிற்று.

தீட்டுவது தனிக் கலை, இன்னொரு நாள் எழுதுகிறேன். சுருக்கமாக, சமமான கல், 1000-ல் தொடங்கி 8000 வரை, பிறகு தோல் வாரில் முதுகு முன்னே போகும்படி ஐம்பது அறுபது இழுப்பு. முழங்கை முடி தொட்டதும் விழ வேண்டும். கை நடுங்குகிற வயதில் அதை முகத்தில் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. நான் வைக்கிறேன், கன்னத்துக்கு மட்டும். மோவாய்க்குப் பழைய சேஃப்டி ரேசர்தான்.

சரிசெய்த கத்தியைக் கழுவினால் உடனே துடைத்து, பிடியின் உள்பக்க ஈரமும் காய்ந்த பிறகு துளி எண்ணெய் தடவி வையுங்கள். ஐப்பசி மழை மாதத்தில் வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தோல் உறையில் வைத்து மூடினால் ஈரம் இழுத்துத் துரு வரும், பழைய பருத்தித் துணியே மேல். பிடி கொம்பா, தந்தமா, செல்லுலாய்டா என்று சந்தேகம் வந்தால் துணியால் சூடு பறக்கத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். சூடம் வாசனை வந்தால் செல்லுலாய்டு. நெருப்பு வைத்துச் சோதிக்காதீர்கள், குப்பென்று பிடித்துக்கொள்ளும். பழசான செல்லுலாய்டு அமில ஆவி விடும், மடக்கி வைத்த கத்தியை உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும். அப்படிப்பட்ட கத்தியை மடக்காமல், காற்றுப் படும்படி விரித்தே வையுங்கள், பேரப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில்.